காஸ்மிக் ஹாரர் கேம் என்று எதைச் சொல்வது? ஆக்டோபஸ் கால் இருந்தால் போதுமா?

கேள்வி இதுதான். கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் 'லவ்கிராஃப்டியன்' (எழுத்தாளர் லவ்கிராஃப்டின் பாணி) என்ற டேக்கைத் தட்டினால் மீன் பிடிக்கிற கேம் வருகிறது, சுட்டுத் தள்ளுகிற கேம் வருகிறது, சீட்டுக்கட்டு வைத்து ஆடுகிற கேம்கூட வருகிறது. இதில் உண்மையிலேயே காஸ்மிக் ஹாரர், அதாவது பிரபஞ்சத்தின் முன்னால் மனிதன் ஒன்றுமே இல்லை என்கிற பயம், எது? பிளட்போர்ன் அந்த வகையா, இல்லை ஒரு ஆக்‌ஷன் கேமுக்கு அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்களா? இப்படி ஒரு வகை இருக்கிறதா, அல்லது விற்பதற்காகச் சொல்கிற சொல்தானா?

பல வருடங்களாக இந்த வகை கேம்களைத் தேடித் தேடி ஆடுகிறவன் நான். என் பதில்: வகை இருக்கிறது. ஆனால் கேமுக்குள் என்ன ஜந்து வருகிறது என்பதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொண்டதும் கேம் உங்களை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பிளட்போர்ன், டார்க்கெஸ்ட் டன்ஜன், மாஸ் எஃபெக்ட், அவுட்டர் வைல்ட்ஸ் நான்கின் முக்கியமான திருப்பங்களையும் தொட வேண்டியிருக்கும். அவுட்டர் வைல்ட்ஸை இன்னும் ஆடாதவர்கள் அந்தப் பத்தியை மட்டும் தயவுசெய்து தாண்டிவிடுங்கள், அதை வாழ்க்கையில் ஒரு தடவைதான் ஆட முடியும்.

நமக்குப் பழக்கமான பயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். புளியமரத்துப் பேய்க்கு ஒரு கதை இருக்கும். யாரோ ஏமாற்றியிருப்பார்கள், யாரோ கொன்றிருப்பார்கள், ஆசை தீராமல் செத்திருக்கும். அதற்கு உங்கள் மேலோ உங்கள் குடும்பத்தின் மேலோ ஒரு கணக்கு உண்டு. அதனால்தான் பரிகாரமும் உண்டு: கேட்டதைக் கொடுத்தால் போய்விடும், இல்லையென்றால் ஓட்டுவதற்கு ஆள் இருக்கிறது. ஹாரர் கேம்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் நடக்கின்றன. 2001-இல் வந்த சைலண்ட் ஹில் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் கதாநாயகன் ஜேம்ஸ் பார்க்கிற பயங்கரங்கள் அவனுக்கென்றே வந்தவை, அவன் குற்ற உணர்ச்சிதான் அவற்றுக்கு உருவம் கொடுத்திருக்கிறது. அந்த ஊருக்கு ஜேம்ஸை நன்றாகத் தெரியும். எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் அதில் ஒரு விதமான நெருக்கம் இருக்கிறது.

காஸ்மிக் ஹாரரில் அந்த நெருக்கம் கிடையாது. அங்கே இருக்கிற பெரிய சக்திக்கு உங்கள் மேல் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. நீங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது. ரோடு ரோலருக்கு எறும்பின் மேல் பகையா இருக்கிறது? இப்படிச் சொன்னால் உடனே ஒரு நண்பர் கேட்பார், கீதையில் அர்ஜுனன் விஸ்வரூபம் பார்த்து நடுங்குகிறானே, அதுவும் இதுதானே என்று. நல்ல கேள்வி. வீரர்கள் கூட்டம் கூட்டமாக வாய்க்குள் போய் விழுகிறார்கள், திசை தெரியாமல் அர்ஜுனன் கலங்குகிறான், பழைய உருவத்தையே காட்டு என்று கெஞ்சுகிறான். அளவு, மிரட்சி, தாங்க முடியாத அறிவு எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் 'நீ யார்' என்று கேட்டால் பதில் வருகிறது. பயப்படாதே என்று ஆறுதலும் வருகிறது. கேட்டதும் பழைய உருவமும் திரும்பி வருகிறது. அந்தப் பதிலையும் ஆறுதலையும் எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்தால் என்ன இருக்குமோ, அதுதான் காஸ்மிக் ஹாரர்.

இந்தப் பயத்தை ஒரு பாணியாகவே வளர்த்தவர் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்துக்காரர் எச். பி. லவ்கிராஃப்ட். 1890-இல் பிறந்து 1937-இல் இறந்தவர். க்தூலு என்ற ஜந்து வருகிற அவருடைய புகழ்பெற்ற கதை 1928-இல் ஒரு மலிவு விலைப் பத்திரிகையில் வெளியானது. அந்தக் கதை ஜந்துவை வைத்துத் தொடங்குவதே இல்லை. மனிதனுக்குத் தெரிந்த விஷயங்களையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க அவன் மூளையால் முடிவதில்லை, அதுவே அவனுக்குக் கிடைத்த பெரிய கருணை என்று தொடங்குகிறது. பயம் கடலுக்கடியில் தூங்குகிற உருவத்தில் இருப்பதைவிட, துண்டு துண்டாகக் கிடக்கும் தகவல்களை ஒருவன் சேர்த்துவிடுவதில் இருக்கிறது. இதை மறந்துவிட்டு பச்சை நிறத்தையும் உறிஞ்சிக் கால்களையும் மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் இன்றைக்கு டேக் இந்த நிலைமையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'அடிக்க முடிந்தால் அது காஸ்மிக் ஹாரர் இல்லை' என்ற வாதம் எல்லா இடத்திலும் கேட்கிறது. அந்த 1928 கதையிலேயே ஒரு மாலுமி தன் நீராவிக் கப்பலைத் திருப்பி நேராக க்தூலுவின் தலையில் மோதுகிறான். தலை வெடித்துச் சிதறுகிறது. அவன் திரும்பிப் பார்க்கும்போது சிதறியது மறுபடி ஒன்று சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆக, அடிக்கலாம். அடித்ததால் எதுவும் மாறவில்லை என்பதும், தப்பித்த மனிதனால் அதற்குப் பிறகு நிம்மதியாக வாழ முடியவில்லை என்பதும்தான் விஷயம். பாஸ் எனும் பெரிய எதிரியோடு சண்டை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கேமை ஒதுக்குவது சரியில்லை.

சரி, கதையில் இருந்த இந்தப் பயம் விளையாட்டுக்குள் எப்படி வந்தது? கம்ப்யூட்டருக்கு முன்னால் பகடை வந்தது. 1981-இல் கேயாசியம் நிறுவனம் க்தூலுவின் பெயரிலேயே ஒரு மேசை விளையாட்டை வெளியிட்டது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, தாளும் பகடையுமாகக் கதை சொல்லி ஆடுகிற வகை. உருவாக்கியவர் சாண்டி பீட்டர்சன். அந்தக் காலத்தில் இந்த வகை விளையாட்டு என்றாலே குகைக்குள் போய், ஜந்துவைக் கொன்று, தங்கம் எடுத்து, பலம் ஏற்றிக்கொள்வதுதான். பீட்டர்சன் கதாபாத்திரத்தின் தாளில் சானிட்டி என்று ஒரு எண்ணைச் சேர்த்தார், மனத்தெளிவின் அளவு. பயங்கரத்தைப் பார்த்தால் குறையும். இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த விதிப் புத்தகத்தில் இரண்டு சின்ன விதிகள் இருக்கின்றன, என்னைப் பொறுத்தவரை இந்த வகையின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது.

முதல் விதி: க்தூலு போன்ற சக்திகளைப் பற்றிய அறிவுக்கு அந்த விளையாட்டில் தனியாக ஒரு திறன் எண் உண்டு. பழைய நூல்களைப் படித்தால் ஏறும், மந்திரம் கற்கலாம், துப்புத் துலக்கலாம். ஆனால் உங்கள் சானிட்டி எவ்வளவு உயரமாக இருக்கலாம் என்பதற்கு வரம்பு 99-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தது. 30 அளவு அறிவு வந்துவிட்டதா, இனி எவ்வளவு ஓய்வெடுத்தாலும் 69-ஐத் தாண்ட முடியாது. தெரிந்துகொண்டதைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குப் போக வழி கிடையாது.

இரண்டாவது விதி இன்னும் அற்புதம். ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் சானிட்டி போனால் உடனே உங்கள் கதாபாத்திரத்தின் புத்திக்கூர்மைக்கு ஒரு பகடை போட வேண்டும். மற்ற எந்த விளையாட்டிலும் பகடையில் ஜெயித்தால் தப்பித்தோம் என்று அர்த்தம். இங்கே ஜெயித்தால், பார்த்தது என்ன என்று உங்கள் கதாபாத்திரத்துக்கு முழுசாகப் புரிந்துவிட்டது, அதனால் தற்காலிகமாகப் பித்துப் பிடிக்கிறது. தோற்றால் மனசு அந்தக் காட்சியை மூடி வைத்துக்கொள்கிறது, தப்பித்தீர்கள். புத்திசாலிதான் முதலில் உடைகிறான். நான் முதல் தடவை ஆடியபோது ஒரு பேராசிரியரை உருவாக்கி, புத்தி எண்ணை முடிந்தவரை ஏற்றி வைத்திருந்தேன். இந்தப் பகடையில் ஜெயித்ததும் குதித்துக் கத்தினேன். விளையாட்டை நடத்திய அண்ணன் எதுவும் பேசாமல் விதிப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வரியைப் படித்த பிறகு மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இதே சாண்டி பீட்டர்சன் 1993-இல் ஐடி சாஃப்ட்வேரில் சேர்ந்து டூம் என்ற சுடுகிற கேமின் பல லெவல்களைச் செய்தார், பிறகு 1996-இல் வந்த க்வேக்கிலும் வேலை பார்த்தார். க்வேக்கின் கடைசி எதிரிக்கு ஷப்-நிகுராத் என்று பெயர், நேராக லவ்கிராஃப்டின் கதைகளிலிருந்து எடுத்தது. குழிக்குள் ஆடிக்கொண்டு நிற்கிற ஒரு பெரிய சதைக் குவியல். ராக்கெட்டால் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரு முள் பந்து அந்த இடத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். நொடியில் வேறு இடத்துக்கு அனுப்புகிற டெலிபோர்ட்டருக்குள் நுழைந்தால் அந்தப் பந்து அப்போது எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பீர்கள். பந்து ஷப்-நிகுராத்தின் உடம்புக்குள் இருக்கும் நொடியில் நுழைந்தால் நீங்கள் அவளுக்குள்ளேயே தோன்றுகிறீர்கள், அவள் வெடித்துச் சிதறுகிறாள், கேம் முடிகிறது. பெயர் இருக்கிறது, குண்டு துளைக்காத உடம்பு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொண்டது ஒரே ஒரு தந்திரம், அதைக் கற்றதும் கடவுள் செத்துவிட்டது. க்வேக் எனக்கு மிகவும் பிடித்த கேம், அதன் இருட்டும் ஒலியும் இன்றைக்கும் நிற்கின்றன. இருந்தாலும் அதைக் காஸ்மிக் ஹாரர் என்று சொல்ல மாட்டேன். ஒரே மனிதர், ஒரே பெயர்கள், ஒன்று இந்த வகைக்கு அடித்தளம், இன்னொன்று இதன் சட்டையைப் போட்டுக்கொண்ட ஷூட்டர். டேக்கை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றுதான்.

இங்கேதான் வீடியோ கேமின் அடிப்படைச் சிக்கல் வருகிறது. கேம் என்பதே கற்றுக்கொள்வது. எதிரியின் அசைவைக் கற்கிறோம், வரைபடத்தைக் கற்கிறோம், தெரியத் தெரியப் பலம் கூடுகிறது. மூன்றாவது மணி நேரத்தில் அலறி ஓடிய அதே இடத்தை இருபதாவது மணி நேரத்தில் சாதாரணமாகக் கடந்துபோகிறோம். ஆடுபவருக்கு எந்தக் கேமும் கொடுக்கிற வாக்கு அதுதான். காஸ்மிக் ஹாரரோ நேரெதிராக, தெரியத் தெரிய நீ சின்னவனாவாய் என்கிறது. இந்த இரண்டையும் ஒரே கேமுக்குள் வைப்பது கஷ்டம். எந்தக் கேம் இந்தக் கஷ்டத்தை நேராக எதிர்கொள்கிறதோ அதற்குத்தான் நான் அந்தப் பெயரைக் கொடுப்பேன்.

ஆரம்பத்திலேயே இதைத் தொட்டவர்கள் உண்டு. 1992-இல் பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட அலோன் இன் தி டார்க்கில் பழைய மாளிகை ஒன்று, அதற்குள் ஒரு நூலகம். கேம்களில் புத்தகம் கிடைத்தால் திறந்து படிப்பது நம் கை தானாகச் செய்கிற வேலை, துப்பு இருக்கும் என்று தெரியும். அந்த மாளிகையில் சில புத்தகங்களைத் திறந்து படித்தால் செத்துவிடுவீர்கள். சண்டை இல்லை, முன்னறிவிப்பு இல்லை, படித்தீர்கள், முடிந்தது. அந்தக் காலத்தில் பலர் இதை அநியாயம் என்று திட்டியிருப்பார்கள். எனக்கு அது இந்த வகையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு இடமாகத்தான் தெரிகிறது.

அப்புறம் சானிட்டி மீட்டர்கள் வந்தன. 2002-இல் நின்டென்டோவின் கேம்கியூபுக்கு வந்த எட்டர்னல் டார்க்னஸ் அதில் உச்சம். கதாபாத்திரத்தின் சானிட்டி குறையும்போது கேம் ஆடுகிறவரையே ஏமாற்றத் தொடங்கும். டிவியின் ஒலி தானாகக் குறைவதுபோல் திரையில் பட்டை ஓடும், திரைக்கண்ணாடியின் மேல் பூச்சி ஊர்வதுபோல் தெரியும், சேவ் ஃபைல்களெல்லாம் அழிந்துகொண்டிருப்பதாகக் காட்டும். ரிமோட்டைத் தேடிக் கை போகிற அந்த ஒரு நொடியில், பாதிக்கப்பட்டது கதாபாத்திரமா நானா என்ற கோடு அழிந்துவிடுகிறது. நின்டென்டோ இந்த முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கி வைத்தது. ஆனால் அதே கேமில் விழுந்த எதிரியை முடித்துக்கட்டினால் சானிட்டி திரும்ப ஏறும். பச்சைப் பட்டை, குறைகிறது, நிரப்புகிறோம். 2010-இல் ஃப்ரிக்ஷனல் கேம்ஸின் அம்னீசியா வந்தது, இருட்டில் நின்றால் சானிட்டி குறையும், வெளிச்சத்துக்கு வந்தால் குறைவது நிற்கும், புதிரை அவிழ்த்தால் ஏறும். பயமுறுத்துவதில் அதை மிஞ்ச அன்றைக்கு ஆளில்லை, கன்ட்ரோலரை வைத்துவிட்டு லைட் போட்டவர்களில் நானும் ஒருவன். இருந்தாலும் மீட்டர் என்று வந்துவிட்டால் அது இன்னொரு ஹெல்த் பார்தான், உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற பட்டை. நிரப்ப முடிகிற எதுவும் கொஞ்ச நேரத்தில் வரவு செலவாகிவிடுகிறது. அதோடு, மனநோய் என்றால் சுவரில் ரத்தம் வழிவது, காதில் குரல் கேட்பது என்று திரும்பத் திரும்பக் காட்டுவது உண்மையாகவே நோயோடு வாழ்கிறவர்களுக்குச் செய்கிற நியாயம் இல்லை. இந்த விஷயத்தில் கேம்கள் இன்னும் யோசிக்க வேண்டியது நிறைய.

இப்போது நீங்கள் கேட்ட பிளட்போர்ன். 2015 மார்ச்சில் சோனியின் பிஎஸ்4 கன்சோலுக்கு வந்தது, இயக்கியவர் ஹிடேடாகா மியாசாகி. விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஓநாய் மனிதர்களை வேட்டையாடும் கதை. யார்னம் என்ற ஊர், ஊசிக் கோபுரங்கள், தீப்பந்தத்தோடு திரிகிற கூட்டம். முதல் பாதி அப்படித்தான் போகும். திரையின் மூலையில் இன்சைட் என்று ஒரு எண் மட்டும் இருக்கும், எதற்கென்று கேம் தெளிவாகச் சொல்லாது. ஒரு பெரிய பாஸை முதன்முதலாகப் பார்த்தாலே ஏறும், ஜெயிக்கக்கூட வேண்டியதில்லை, பார்த்தால் போதும். முதல் இன்சைட் வந்ததும், நீங்கள் அவ்வப்போது திரும்பி வருகிற தோட்டத்தில் உயிரில்லாப் பொம்மையாகக் கிடந்த பெண் எழுந்து நின்று பேசுகிறாள். அவள் எழுந்துவிட்டாளா, முன்பே அப்படித்தான் இருந்து எனக்குத்தான் தெரியவில்லையா என்று கேம் சொல்வதில்லை.

கதீட்ரல் வார்டில் ஓடன் சேப்பல் என்று ஒரு கோயில். ஊரில் உயிரோடு மிஞ்சியவர்களை அங்கே அனுப்பி வைக்கலாம், இருக்கிற ஒரே பத்திரமான இடம் என்று நினைத்துத்தான் அனுப்புவோம். அதே வார்டில் ஒரு ஓரம் போனால் எதுவும் இல்லாத இடத்தில் உங்களை ஏதோ தூக்கும். காற்றில் தொங்குவீர்கள், நசுங்கிச் சாவீர்கள். கை தெரியாது, உடம்பு தெரியாது. நான் அங்கே மூன்று தடவை செத்து, இது கேமில் இருக்கிற பக் என்றே முடிவு செய்து அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். இருபது மணி நேரம் கழித்து, ஏரிக்குள் இருக்கிற ரோம் என்ற சிலந்தியைக் கொன்றேன். பாவம், முதலில் அது உங்களைத் தாக்கக்கூடச் செய்யாது, அதன் குட்டிகள்தான் வரும். அது செத்ததும் நிலா சிவந்து தாழ இறங்கியது. சேப்பலுக்குத் திரும்பி வந்து வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால், கோயில் சுவரை நீண்ட கைகளால் கட்டிக்கொண்டு பாதாம் கொட்டை போன்ற தலையோடு அமிக்டலா தொங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை அதன் அடியில் நடந்திருக்கிறேன்! ஒரு கிழவியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று இதன் மடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, இன்சைட் 40-ஐத் தொட்டிருந்தால் சிலந்தியைக் கொல்வதற்கு முன்பே அது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது.

இதில் பயம் அது தாக்கும் என்பதால் வரவில்லை, பெரும்பாலும் அது உங்களைக் கண்டுகொள்வதே இல்லை. இன்சைட் ஏற ஏற ஃப்ரென்ஸி என்கிற பித்தைத் தாங்கும் சக்தி குறைகிறது, எதிரிகள் சிலருக்குப் புதிய தாக்குதல்கள் வருகின்றன, எங்கிருந்தோ குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. கேயாசியத்தின் 99 கழித்தல் அறிவு என்ற விதிதான், மீட்டராக இல்லாமல் ஊராகவே மாறி நிற்கிறது. இன்சைட்டைச் செலவழித்துப் பொருள் வாங்கலாம், குறைத்துக்கொள்ளலாம், ஆனால் பார்த்ததை நீங்கள் மறக்கப்போவதில்லை. சண்டையில் ஜெயிக்கிறீர்களே என்றால், ஆமாம், கோடரியால் கடவுள்களை வெட்டுகிறீர்கள். மூன்று தொப்புள்கொடித் துண்டுகளைத் தின்றவர்களுக்கு மட்டும் வருகிற கடைசி எதிரியையும் வெட்டிச் சாய்க்கலாம். அதன் முடிவில் பொம்மை குனிந்து எடுக்கிறாள், நத்தை மாதிரி நெளிகிற ஒரு சின்ன உயிர். அது நீங்கள். ஆகவே பிளட்போர்ன் காஸ்மிக் ஹாரர்தான், தயக்கமே இல்லாமல். ஆக்‌ஷன் கேமாக இருப்பது அதற்கு உதவித்தான் செய்திருக்கிறது: கை பலமாகிக்கொண்டே போகிறது, காலடி நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது.

டார்க்கெஸ்ட் டன்ஜன் (2016) வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. செய்த நிறுவனம் ரெட் ஹுக், அந்தப் பெயரே லவ்கிராஃப்ட் கதை ஒன்றிலிருந்து வந்தது. நீங்கள் நால்வராகக் குகைக்குள் அனுப்புகிற வீரர்களின் மன அழுத்தம் 100-ஐத் தொட்டால் பெரும்பாலும் மனம் உடைந்து, சந்தேகப் பிராணியாகவோ சுயநலக்காரனாகவோ மாறுகிறார்கள், நீங்கள் சொல்வதைக் கேட்பதில்லை. 200-இல் மாரடைப்பு. இதைவிட என்னைப் பாதித்தது இன்னொரு விதி. கடைசிக் குகையில் ஒரு பயணத்தை முடித்துவிட்டு உயிரோடு திரும்பிய வீரன் மறுபடி அங்கே வரமாட்டேன் என்று மறுத்துவிடுவான். மாதக்கணக்கில் வளர்த்த ஆள், உச்சப் பலத்தில் இருக்கிறவன், பார்த்ததால் வேலைக்கு ஆகாமல் போனான். கடைசி எதிரியிடம் ஒரு தாக்குதல் இருக்கிறது, உங்கள் நால்வரில் யார் சாக வேண்டும் என்று உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லும். தப்பிக்க வழி கிடையாது.

பெயர் ஒட்டாமலே தொட்டவையும் உண்டு. 2015-இன் சோமாவில் கடலடி நிலையத்தில் ஒரு இயந்திர மூளை, மனிதர்களைக் காப்பாற்று என்ற கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு, மனிதன் என்றால் என்ன என்று தெரியாமல் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது. தீய எண்ணம் துளியும் இல்லை. அதன் நோயாளிகளைப் பார்த்தபோது வந்த குளிர், எந்த ஆக்டோபஸ் தலையைப் பார்த்தும் எனக்கு வந்ததில்லை.

கையில் இருந்ததைக் கோட்டைவிட்டதற்கு உதாரணம், மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கேம் வரிசை. 2007-இல் முதல் பாகத்தில் விர்மயர் கிரகத்தில் சாவரின் என்கிற பிரம்மாண்டக் கப்பல் முதன்முறையாகப் பேசும். எங்களைப் புரிந்துகொள்ள உங்களால் முடியாது, எங்களுக்குத் தொடக்கம் இல்லை என்கிற தொனி. அதைக் கேட்டபோது முதுகுத்தண்டு சில்லிட்டது. 2012-இல் மூன்றாம் பாகத்தின் முடிவில் ஒரு சிறுவனின் உருவம் வந்து, சாவரின் போன்ற அந்தக் கப்பல்கள் ஏன் எல்லா உயிர்களையும் அறுவடை செய்கின்றன என்று காரணத்தை விளக்கிச் சொல்லிவிடுகிறது. அந்தக் காரணம் சரியா தப்பா என்று பலர் சண்டை போட்டார்கள். என் வருத்தம் வேறு: அவற்றுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதுவும் நம்மைப் பற்றிய காரணம் என்றானதுமே அந்த முதல் பாகத்துக் குளிர் போய்விட்டது. புளியமரத்துப் பேயாகிவிட்டது.

இனி அவுட்டர் வைல்ட்ஸ், ஆடாதவர்கள் தாண்டிவிடுங்கள். 2019-இல் வந்த விண்வெளிக் கேம். 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடிக்கிறது, நீங்கள் மறுபடி கண் விழிக்கிறீர்கள். புதிய ஆயுதம் இல்லை, அப்கிரேட் இல்லை, ஒவ்வொரு தடவையும் கூடுவது உங்கள் அறிவு மட்டும். காரணத்தைக் கண்டுபிடித்தால் நிறுத்திவிடலாம் என்று நம்பித்தான் எல்லோரும் ஆடுகிறோம். சூரியனை ஒட்டிப் பறக்கும் நிலையத்துக்கு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், அங்கே பழைய இனம் ஒன்று சூரியனை வெடிக்கவைக்க முயன்று தோற்றிருக்கிறது என்று தெரியவரும். அப்படியானால் வெடிக்கவைப்பது யார்? யாரும் இல்லை. சூரியனுக்கு வயதாகிவிட்டது. வானத்தில் மற்ற நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கின்றன, நீங்கள்தான் கவனிக்கவில்லை. அந்த நிலையத்தில் நான் அந்தச் சுற்று முடியும்வரை எதுவும் செய்யாமல் நின்றேன். இதை யாரும் ஹாரர் வரிசையில் வைப்பதில்லை, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிற அன்பான கேம். ஆனாலும் லவ்கிராஃப்ட் சொன்ன பாராமுகமான பிரபஞ்சத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய கேம் வேறு எனக்குத் தெரியாது. அதே உண்மையைப் பார்த்து அவர் நடுங்கினார், இந்தக் கேம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறது.

அப்படியானால் டேக் ஏன் இப்படிப் பெருகியது? ஒரு காரணம் மிகச் சாதாரணமானது, காசு. லவ்கிராஃப்ட் 1937-இல் இறந்ததால் ஐரோப்பாவில் 2008 முதல் அவர் எழுத்துகள் பொதுவுடைமை. க்தூலுவைப் பயன்படுத்த யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். இரண்டு பேர் வீட்டிலிருந்து செய்கிற கேமுக்கும் உலகம் அறிந்த ஒரு ஜந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2023-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ட்ரெட்ஜ் நல்ல உதாரணம். பகலில் மீன் பிடிக்கலாம், இரவில் தங்கினால் பதற்றம் ஏறி இல்லாத பாறைகள் கடலில் முளைக்கும். முதல் சில மணி நேரம் அபாரம். வலையில் வருகிற உருக்குலைந்த மீனுக்கு நல்ல மீனைவிட அதிக விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும், அருவருப்போடு தூக்கிப்போட்ட அதையே தேடிப் பிடிக்கத் தொடங்குகிறோமே, அது அருமையான யோசனை. பிறகு படகின் விளக்கும் இன்ஜினும் மேம்பட மேம்பட இரவு சாதாரணமாகிவிடுகிறது. பாதி காஸ்மிக் ஹாரர், பாதி வியாபாரம் என்பேன். நல்ல கேம், வாங்கலாம்.

நான் 'லவ்கிராஃப்டியன்' என்பதைவிட 'காஸ்மிக் ஹாரர்' என்ற சொல்லையே பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்த மனிதர் கடுமையான இனவெறியர். அவர் கதைகளில் ரகசிய வழிபாடு நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கறுத்த நிறத்தவர்களாக, வேறு நாட்டிலிருந்து வந்தவர்களாகவே இருக்கிறார்கள், இனக்கலப்பே ஒரு பயங்கரமாக வருகிறது. நம் நிறத்தில் இருக்கிற ஒருவர் அதைப் படிக்கும்போது அந்தப் பயம் யாரைப் பார்த்து வருகிறது என்பது புரியாமல் போகாது. 2019-இல் உக்ரைனின் ஃப்ராக்வேர்ஸ் செய்த தி சிங்க்கிங் சிட்டி (மூழ்கும் நகரம்), அந்தக் காலத்தில் சிறுபான்மையினர் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிய ஒரு அறிவிப்போடுதான் தொடங்குகிறது. பிரபஞ்சத்தின் அளவைப் பார்த்து வருகிற நடுக்கம் எல்லோருக்கும் பொது. பக்கத்துத் தெருக்காரனைப் பார்த்து அவருக்கு வந்த நடுக்கத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே டேக்கில் போட்டுக் கட்டாமல் இருப்பது நல்லது.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், பிஎஸ்4 கையில் இருந்தால் பிளட்போர்ன், பிசி மட்டும் என்றால் முதலில் அவுட்டர் வைல்ட்ஸ், பிறகு டார்க்கெஸ்ட் டன்ஜன். நாலு நண்பர்கள் ஒரு சனிக்கிழமை ராத்திரி சேர முடியுமென்றால் கேயாசியத்தின் பகடை விளையாட்டு. அதில் கதாபாத்திரத்துக்குப் புத்தி எண்ணை எவ்வளவு வைப்பது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.